குப்பைக்குப் பாடு போட்டவர்

எங்கள் வார்டு மெம்பரின் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. உடனே தங்கமான மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். இல்லை என்று சொல்லத் தெரியாதவனைப் போல ஊரைக் கெடுக்கிறவன் வேறு யாரும் கிடையாது. திருடன் என்றால் பிடித்துக் கட்டி வைக்கலாம். அடாவடிக்காரன் என்றால் நாலு பேர் சேர்ந்து போய்க் கேட்கலாம். நாம் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவனை என்ன செய்வது?

நாம் பேச வாயைத் திறப்பதற்குள் அவர் தலை ஆடத் தொடங்கிவிடும். என்ன கேட்கப் போகிறோம் என்றே தெரியாது, ஆனால் சரி என்று முடிவாகிவிட்டிருக்கும். "செஞ்சிடலாம்மா" என்பார். வலது கையை நெஞ்சில் வைத்துக்கொள்வார். அந்தக் கையைப் பார்த்து ஏமாந்தவர்கள் ஏரிக்கரை முழுக்க இருக்கிறார்கள். நானும் ஒருத்தி.

மெம்பர் ஆவதற்கு முன்னால் படகுத் துறையில் ஐஸ் கடை வைத்திருந்தார். ஒரு நாள் எல்லாப் படகிலும் நல்ல மீன். துறையில் ஐஸ் தீர்ந்துபோய், அவர் கடையில் ஒரே ஒரு பாளம் மிச்சம் இருந்தது. எங்கள் நைனா போய்க் கேட்டார். "உனக்குத்தான்ணே" என்றார். நைனா கூடை எடுத்துவரத் திரும்பினார். அதற்குள் இன்னொரு படகுக்காரர் போய்க் கேட்டார். அவருக்கும் "உனக்குத்தான்ணே". இரண்டு பேரும் ஒரே பாளத்தின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு அம்மா அக்கா என்று திட்டிக்கொண்டார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சண்டை ஓய்ந்தபோது ஐஸ் தண்ணீராக ஓடிவிட்டிருந்தது. இரண்டு பேர் மீனும் நாறியது. இவர் இரண்டு பேர் தோளிலும் கை போட்டு, டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்துவைத்தார். இதில் வேடிக்கை, நைனா வீட்டுக்கு வந்து அந்தப் படகுக்காரரைத்தான் திட்டினார். ஐஸ்காரரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அவன் நல்லவன்டி" என்றார்.

இப்படிப்பட்டவர் தேர்தலில் தோற்பாரா? எதிர்த்து நின்றவனிடமே போய், "கவலப்படாத, என் ஓட்டு உனக்குத்தான்" என்றாராம். அப்படியே போட்டதாகவும் சொல்கிறார்கள். அப்படியும் ஜெயித்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஊராட்சியில் குப்பை வண்டி வந்தது. முதலில் கடைத்தெருவுக்கு மட்டும். வீட்டு வாசலில் பச்சைக் கூடை, சிவப்புக் கூடை. மக்குவது பச்சையில், மக்காதது சிவப்பில். காலையில் பேட்டரி வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து தனித்தனியாக வாங்கிப்போகும். குப்பத்துக்காரர்கள் நாங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் குப்பை வழக்கம்போல ஏரிக்கரைக்குப் போய், ஏரிக்குள் போய், மறுபடி எங்கள் வலையிலேயே வந்து விழும். மடவை மீனுக்குப் போட்ட வலையில் ஷாம்பு கவரை எடுத்து எடுத்து ஆம்பளைகள் கை சலித்துப்போயிருந்தார்கள். அதனால் வண்டியைக் குப்பங்களுக்கும் விடப்போகிறார்கள் என்றபோது எல்லோருக்கும் சந்தோஷம்தான். எனக்கும்தான். அதை மறைக்க மாட்டேன்.

கூடை முதலில் வந்தது, வண்டி பிறகு வந்தது. இந்த இடைவெளியில் நாங்கள் சும்மா இருப்போமா? அந்த மாதிரி கெட்டியான கூடை பழவேற்காடு மார்க்கெட்டிலேயே கிடைக்காது. பச்சையில் இறால், சிவப்பில் நண்டு என்று துறைக்குத் தூக்கிப்போனோம். ஒரு நாள் மெம்பர் எதிரில் வந்துவிட்டார். என் அக்கா தலையில் சிவப்புக் கூடை. அதிலிருந்து நண்டு காலை நீட்டிக்கொண்டிருந்தது. திட்டப்போகிறார் என்று நின்றோம்.

"நல்லா கெட்டியா இருக்குல்ல?" என்றார். "எடுத்துக்கோம்மா, எடுத்துக்கோ."

மறுநாள் மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி பார்க்க வந்தார். அவரிடம் நெஞ்சில் கை வைத்து, "கூடையைக் கீழயே வெக்க மாட்டேங்கறாங்க சார், அவ்ளோ ஆர்வம்" என்றார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பொய்யே சொல்லாமல் ஊரை ஏமாற்ற அவரால்தான் முடியும்.

வண்டி வாங்குவது சுலபம். வாங்கிய குப்பையை எங்கே வைத்துப் பிரிப்பது? ஒரு கொட்டகை வேண்டும். கண்ணாடி தனி, அட்டை தனி, பிளாஸ்டிக் தனி என்று பிரித்து, காயலான் கடைக்குப் போகவேண்டியதை அனுப்பிவிட்டு, மிச்சத்தை எரு ஆக்க வேண்டும். எல்லோருக்கும் வண்டி வேண்டும். கொட்டகை ஒருத்தருக்கும் வேண்டாம். எங்கள் வார்டில் மூன்று குப்பங்கள். எங்கள் குப்பத்தார் போய்க் கேட்டபோது, "உங்க ஊர்ல வராதுப்பா" என்றார். முகத்துவாரக் குப்பத்தார் கேட்டபோது, "உங்க ஊர்லயா? சேச்சே" என்றார். தெற்குக் குப்பம் அவருடைய சொந்த ஊர். அங்கே கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை. கடைத்தெருக்காரர்களிடம் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க நிம்மதியா வியாபாரத்தப் பாருங்க" என்றார்.

ஆக, நாலு பேருக்கும் வாக்குக் கொடுத்தாயிற்று. குப்பை மட்டும் எங்காவது போயாக வேண்டும்.

கோயில் முன்னால் மூன்று குப்பத்து ஆம்பளைகளும் கூடினார்கள். பெண்களுக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. நானும் அக்காவும் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் குழாயடியில் நின்று கேட்டோம். கத்தல் ஓய்வதாக இல்லை. அப்போதுதான் மெம்பர் எழுந்து, அவருடைய வாழ்நாளின் மிகப் பெரிய யோசனையைச் சொன்னார்.

"நமக்குள்ள இன்னாத்துக்குப்பா சண்ட? ஏரியில எப்டி வலை கட்றோம்? பாடு போட்டுத்தான? குப்பைக்கும் அதேபோல ஒரு பாடு போட்டுட்டா இன்னா?"

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஏரியில் நல்ல மீன் விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். அவனவன் ஓடிப்போய்ப் பிடித்தால் வெட்டுக்குத்துதான். அதனால் எந்த இடத்தில் யார் எப்போது வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கி, முறை வைத்துக் கொடுப்பார்கள். அதுதான் பாடு. இன்றைக்கு நல்ல இடம் எனக்கு என்றால் அடுத்த முறை உனக்கு. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து நடக்கிற நியாயம். அதை யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். மெம்பர் சொன்னதும் கூட்டமே அசந்துபோயிற்று. "ஷோக்கா சொன்னாம்ப்பா!" என்று ஒருவர் தொடையைத் தட்டினார்.

அக்காவால் பொறுக்க முடியவில்லை. குழாயடியிலிருந்தே கத்தினாள்.

"மெம்பரே! மீனு வந்த வழியே போயிடும். குப்பை போவுமா?"

"ஏய், பொம்பளைங்க கம்முனு இருங்க. பாடு பேசுற எடம்" என்றார் ஒரு பெரியவர்.

மெம்பர் அக்கா பக்கம் திரும்பினார். "நீ சொல்றது கரெக்டுதாம்மா" என்றார். ஆம்பளைகள் பக்கம் திரும்பினார். "போட்டுடலாம்பா" என்றார்.

கடைத்தெருவுக்குச் சீட்டு எழுதவில்லை. ஊரிலேயே அதிகக் குப்பை போடுகிறவர்கள் அவர்கள்தான். ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு, ஏரியில் அவர்களுக்குப் பாடு கிடையாதே, அதனால் குப்பையிலும் பாடு கிடையாது என்றார்கள். இதைக் கேட்டு ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அவ்வளவு பேரும் நியாயம்தான் என்று தலையாட்டினார்கள். மெம்பரின் தலை ஆடுவதைக் கேட்கவே வேண்டாம்.

முதல் சீட்டு எங்கள் குப்பத்துக்கு விழுந்தது. அடுத்தது தெற்குக் குப்பம். கடைசியில் முகத்துவாரம்.

எங்கள் குப்பத்தில் வண்டி போகிற மாதிரி மேடான இடம் ஒன்றே ஒன்றுதான். சிமெண்டு ரோட்டை ஒட்டிய மணல் திட்டு. அதுதான் எங்கள் கருவாட்டுக் களம். அக்காவும் நானும் இன்னும் சில பெண்களும் நெத்திலியும் கவளையும் காயவைக்கிற இடம். அக்காவின் புருஷன் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த மணலால்தான். களம் பெண்களுடையது. சீட்டு ஆம்பளைகளுடையது.

மெம்பர் நேரில் வந்து அக்காவிடம் சொன்னார். "ஒரு பாடுதாம்மா. மாரியம்மனுக்குக் கூழ் ஊத்துறதுக்குள்ள தெக்கு ஊருக்குத் தூக்கிடுவோம். எங்க ஊருதான? நான் பாத்துக்க மாட்டனா?"

நெஞ்சில் கை.

கொட்டகைக்குத் தூண் நட்டார்கள். கூரைத் தகடு வரவே இல்லை. வீட்டு வாசலில் பச்சை, சிவப்பு என்று பிரித்துக் கொடுத்த குப்பையை, களத்தில் கொண்டுவந்து ஒன்றாகக் கொட்டினார்கள். வாசலில் விவாகரத்து, களத்தில் மறுகல்யாணம். பிரிக்க வந்த பெண்கள் வெயிலில் உட்கார்ந்து கொஞ்ச நாள் பொறுக்கினார்கள். கையுறை கேட்டார்கள். "வந்துக்கினே இருக்கு" என்றார் மெம்பர். அது எந்த ஊரிலிருந்து நடந்து வந்ததோ, கடைசிவரை வந்து சேரவில்லை. அவர்களும் நின்றுவிட்டார்கள். வண்டி மட்டும் நிற்கவில்லை. பாட்டுப் போட்டுக்கொண்டு தினமும் வந்தது.

நாய் வந்தது. காக்கை வந்தது. ஈ வந்தது பாருங்கள், அதைச் சொல்ல வேண்டும். நெத்திலியை விரித்தால் வெள்ளி மாதிரி மின்ன வேண்டும். எங்கள் நெத்திலி கறுப்பாக அசைந்துகொண்டிருந்தது. குவியலில் யாரோ நெருப்பு வைத்தார்கள். புகை கருவாட்டில் இறங்கியது. வழக்கமாக வாங்குகிற பொன்னேரி வியாபாரி ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

"இன்னாம்மே, கருவாடு கேட்டா டயரக் காயப்போட்டு வெச்சிருக்கே?"

அக்கா கீழே விழுந்ததை எடுத்துக் கூடையில் போட்டாள். அவர் போன பிறகு மொத்தத்தையும் வாரி ஏரியில் கொட்டினாள். மெம்பர் வந்து, "ஐயோ, ஏம்மா கொட்டுனே? நான் வேற ஆளக் கூட்டியாந்திருப்பேனே" என்றார். அவர் கூட்டிவந்திருக்கவும் செய்வார். அந்த ஆளிடமும் இது முதல் தரக் கருவாடு என்று சொல்லியிருப்பார்.

கூழ் ஊற்றி முடிந்தது. தெற்குக் குப்பத்தின் முறை வந்தது. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஏரியில் வலை கட்டுகிற கழிகளைக் கொண்டுவந்து ஊர் வழியில் வரிசையாக நட்டுவிட்டார்கள். "பாடுன்னா நல்ல எடத்தத்தான் மாத்தி மாத்திக் குடுக்கணும். அங்க ஏற்கெனவே நாறிப்போச்சு. அங்கயே இருக்கட்டும். இன்னொரு எடத்த எதுக்கு நாறடிக்கிறீங்க?" என்றார்கள். மெம்பர் கழிகளைப் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்றார். அங்கிருந்து நேராக எங்களிடம் வந்து, "நாளைக்கே தூக்கிடலாம்மா" என்றார்.

அன்றைக்கு அக்கா அவரை உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"மெம்பரே, உன்னான்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்."

"கேளும்மா, செஞ்சிடலாம்."

"இல்லேன்னு சொல்லு."

அவருக்குப் புரியவில்லை. தலை மட்டும் ஆடியது.

"'உன் களம் உனக்கு வராது, போடி'ன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லு. நீ அப்டி சொன்னீன்னா நான் கலெக்டரான்ட போவேன். ரோட்ல குந்துவேன். உன் சட்டையக்கூடப் புடிப்பேன். நீ சரி சரின்னுக்கினே இருந்தா நான் யாரான்ட போயி சண்ட போடுறது? சொல்லுயா. ஒரே ஒரு தபா."

அவர் நெஞ்சிலிருந்து கையை எடுத்துவிட்டார். அதை நான் பார்த்தேன். உண்மையாகவே முயற்சி செய்தார். உதடு அசைந்தது. நெற்றியில் வேர்த்தது. எங்கள் வீட்டுக் கோழிகூட நின்று பார்த்தது.

"சரிம்மா" என்றார் கடைசியில். "சொல்லிடறேன்."

"எப்போ?"

"நாளைக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் பெண்கள் எல்லோரும் மீனைத் தூக்கிக்கொண்டு போய்ச் சிமெண்டு ரோட்டில் விரித்தோம். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நெத்திலி. நடுவில் அக்கா காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். பாட்டுப் போட்டுக்கொண்டு வண்டி வந்து நின்றது. நாலு தெருக் குப்பை அதில். டிரைவர் மெம்பருக்கு போன் போட்டான். மெம்பர் ஓடிவந்தார்.

"இன்னாம்மா இது?"

"மீனு காயுது, மெம்பரே. களம் இல்லேல்ல? காயட்டுமா, எடுத்துடட்டுமா?"

அவர் வண்டியைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். "காயட்டும்மா, காயட்டும்" என்றார்.

டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டான். "சார், அப்போ இத எங்க கொட்றது? தெக்கால கழி நட்டு வெச்சிருக்கானுங்க. இங்க மீன விரிச்சி வெச்சிருக்காங்க. உங்க வூட்டாண்ட கொட்டிடட்டா?"

அவன் எரிச்சலில்தான் சொன்னான். நான் பக்கத்தில் இருந்தேன், எனக்குத் தெரியும்.

"சரி, கொட்டு" என்றார் மெம்பர்.

டிரைவர் அவரையே பார்த்தான். நாங்களும் பார்த்தோம். என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்த மாதிரி இல்லை. அக்காதான் முதலில் சுதாரித்தாள். "போப்பா, மெம்பரே சொல்லிட்டாரு, போய்க் கொட்டு" என்றாள். தெற்குக் குப்பத்துக்காரர்கள் மெம்பர் வீட்டுக்குப் போகிற வண்டியைத் தடுப்பார்களா? கழியைப் பிடுங்கி வழிவிட்டார்கள்.

மெம்பரின் சம்சாரம் வாசல் தெளித்துக்கொண்டிருந்ததாம். போய்ப் பார்த்தவர்கள் வந்து சொன்னதுதான் எனக்குத் தெரியும். வண்டி குப்பையைக் கவிழ்த்துவிட்டுப் போன பிறகு மெம்பர் வீட்டுக்குப் போய், "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றாராம்.

"இல்ல" என்றாராம் அந்த அம்மா.

"நான் பாத்துக்கறேன்..."

"முடியாது."

"ஊருக்காக..."

"கெடையாது. கெளம்பு."

அந்த வீட்டில் இல்லை என்ற சொல் மொத்தமும் அந்த அம்மாவிடமே சேர்ந்து கிடந்திருக்கிறது. புருஷனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஊராட்சி ஆபீசுக்குப் போய், தலைவர் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தார். நாளைக்குப் பார்க்கலாம் என்றார்கள். "இல்ல" என்றார். தகடு வந்ததும் பார்க்கலாம் என்றார்கள். "இல்ல" என்றார். கடைத்தெருவுக்குப் பின்னால், பழைய தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் ஊராட்சி இடம் ஒன்று சும்மா கிடந்தது எல்லோருக்கும் தெரியும். அங்கே போடுங்கள் என்றார். கடைக்காரர்கள் ஓடிவந்து சத்தம் போட்டார்கள். மெம்பர் வழக்கம்போல அவர்கள் பக்கம் திரும்பி வாயைத் திறந்திருக்கிறார். அந்த அம்மா ஒரு பார்வை பார்த்தாராம். வாயை மூடிக்கொண்டார்.

கொட்டகை அங்கே வந்தது. தகடு வந்தது. பொறுக்குகிற பெண்களுக்குக் கையுறையும் வந்தது. எங்கள் குப்பமும் கழிவுகளைப் பிரித்துத்தான் கொடுக்கிறது. கூடைகளை மட்டும் நாங்கள் திருப்பித் தரவில்லை. வேறு கூடை கொடுத்தார்கள்.

எங்கள் களத்துக் குவியலை வண்டி வைத்து அள்ளிப்போனார்கள். அள்ளியது மேலே இருந்ததை மட்டும். மணலுக்குள் கண்ணாடிச் சில்லும் பாக்குப் பொட்டலமும் கருகிய பிளாஸ்டிக்கும் கலந்து கிடந்தன. அதன் மேல் மீனை விரிக்க முடியாது. நாங்களே உட்கார்ந்து, கிழிந்த இறால் வலையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, மணலை அதில் கொட்டிச் சலிக்க ஆரம்பித்தோம். முடிகிற வேலையாகத் தெரியவில்லை. ஆம்பளைகள் அந்தப் பக்கமே வரவில்லை. பாடு முடிந்ததல்லவா?

மெம்பர் வந்தார். கொஞ்ச நேரம் ஓரமாக நின்றார். யாரும் ஒன்றும் கேட்கவில்லையே, எதற்குச் சரி என்பது?

"நின்னு வேடிக்க பாக்குறதுக்கு இங்க இன்னா தேரா ஓடுது?" என்றாள் அக்கா. "குந்து."

வெள்ளை வேட்டியோடு மணலில் உட்கார்ந்தார். வலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். சலித்ததும் மேலே நின்ற சில்லுகளைப் பொறுக்கி ஒரு பக்கமாகப் போட்டார். ஒன்று விரலைக் கீறியது. வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

கடைத்தெருவிலிருந்து ஒருவன் பைக்கில் வந்து ரோட்டிலேயே நின்று கத்தினான். "மெம்பரே! கடை தெறப்பு விழா. எல்லாரும் உங்களுக்காகத்தான் வெய்ட்டிங்!"

"தோ வரேன். நீ முன்னால போ" என்றார்.

அவன் போனான். அவர் அடுத்த பிடி மணலைச் சலித்தார். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. தோளால் காதோடு இடுக்கிக்கொண்டு, "வந்துக்கினே இருக்கேன்பா. பாலத்தாண்ட வந்துட்டேன்" என்றார். காலை மாற்றிப் போட்டு நன்றாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மறுபடி போன் வந்தது. "டிராபிக்குப்பா" என்றார். எங்கள் ஊர் ரோட்டில் ஆடு குறுக்கே வந்தால்தான் டிராபிக்.

வெயில் சாய்ந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. இத்தனை வருஷமாக எங்களைக் காக்கவைத்துவிட்டு அவர் எங்கெங்கோ உட்கார்ந்திருந்திருக்கிறார். அன்றைக்குத்தான் வேறு யாரையோ காக்கவைத்துவிட்டு எங்களோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா மெம்பரே, போவலியா?" என்றாள் அக்கா.

"போறேம்மா" என்று சொல்லிவிட்டு வலையை இழுத்துப் பிடித்தார்.

அக்கா அடுத்த கூடை மணலை அதில் கொட்டினாள்.